யோகட் கப்புக்கு எந்த உரப்பை?

கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையில் கழுவிக் கவிழ்த்த யோகட் கப் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். கவனிக்காவிட்டால் அதற்குள் பக்கத்து வளவுக்கும் போய்விடும். அதனால் வீட்டு பிளாஸ்டிக்கை மீள்சுழற்சிக்கென்று சேர்க்கத் தொடங்குகிறவர்கள் கலர் வாளி எதுவும் வாங்க வேண்டாம். மூன்று வெற்று உரப்பைகள், தொங்கவிட ஆணிகள், அவ்வளவு போதும்.

1. அடியைத் திருப்பிப் பாருங்கள்.
முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை ஓர் எண் இருக்கும், அது எந்த வகை பிளாஸ்டிக் என்பதைச் சொல்லும். தண்ணீர்ப் போத்தல், சோடாப் போத்தல் என்றால் 1. ஷாம்புப் போத்தல் பெரும்பாலும் 2. ஐஸ்கிறீம் டப்பா பெரும்பாலும் 5. யோகட் கப்பில் 5உம் வரும், 6உம் வரும். முதல் பைக்குள் 1 மட்டும். இரண்டாவதில் 2, 5. மற்றதெல்லாம் மூன்றாவதில்.

எண் அழிந்துபோயிருந்தால் ஒரு துண்டு வெட்டி, காற்றுக்குமிழி ஒட்டாமல் விரலால் தேய்த்து, வாளித் தண்ணீரில் அமிழ்த்தி விடுங்கள். 2, 4, 5 மிதக்கும். 1, 3, 6 தாழும். தாழ்ந்ததை எடுத்து, உப்பு இனிக் கரையாது என்ற அளவுக்குக் கரைத்த தண்ணீரில் போட்டால் 6 மேலே வரும், 1 அடியிலேயே கிடக்கும். பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள், வீட்டில் ஒரு டப்பா மிஞ்சாது!

2. கழுவுங்கள், முக்கியமாகக் காயவிடுங்கள்.
அரிசி கழுவிய தண்ணீரே போதும். எண்ணெய்ப் போத்தலுக்கு மட்டும் கொஞ்சம் சவர்க்காரமும் வெந்நீரும் விட்டுக் குலுக்க வேண்டும். தொடக்கத்தில் நான் ஈரத்தோடு கட்டி வைத்து, இரண்டு கிழமை கழித்துத் திறந்தேன். நாற்றம், எறும்பு, போதாததற்கு போத்தலுக்குள் நுளம்புக் குடம்பி. வாங்க வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். டெங்கு உள்ள ஊரில் இது வெறும் சுத்தப் பிரச்சினை அல்ல.

3. மிதித்துத் தட்டையாக்குங்கள்.
மூடியைப் பிரிக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். மூடி 2 அல்லது 5 வகை, போத்தல் 1. ஆலையில் அரைத்த பிறகு தண்ணீரில் மிதக்கவிட்டுத்தான் இரண்டையும் பிரிக்கிறார்கள், நம் வாளி வேலைதான். ஆனாலும் மூடியைத் தனியாகக் கேட்கிறவர்கள் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்.

4. பளபளப்பதை ஒதுக்குங்கள்.
பால்மா பக்கெட், பிஸ்கட் உறை, சிப்ஸ் பக்கெட் எல்லாம் உள்ளே வெள்ளியாக மின்னும். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிக்கிடக்கும் அந்த உறையைப் பிரிப்பது லேசல்ல. சாதாரணமாக யாரும் வாங்குவதுமில்லை. அது குப்பை வண்டிக்குத்தான். வளவில் எரிக்காதீர்கள், 2017இலிருந்து அது சட்டப்படியும் தடை. சோறு மணக்கும் லஞ்ச் சீற்றைத் தெருவோரம் போட்டால் கோட்டைப் பக்கத்து மான்கள் தின்றுவிடும்.

சொப்பிங் பேக்கைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 2025 நவம்பர் 1 முதல் கடைகள் அதை இலவசமாகக் கொடுக்கக் கூடாது. துணிப்பை கொண்டு போங்கள்.

5. கொடுங்கள்.
உண்மையில் இதை முதலில் செய்திருக்க வேண்டும். உங்கள் தெருவுக்குப் பழைய சாமான் எடுக்க வருகிறவரிடம் எந்தெந்த எண் எடுப்பார் என்று கேளுங்கள். 1 என்றால் அநேகமாக எடுப்பார். எங்கள் தெருவுக்கு வருகிறவர் 6ஐத் தொடுவதே இல்லை. அதனால் எங்கள் வீட்டில் இப்போது சட்டித் தயிர்தான்.