ராகத்தின் பெயர் போதாது: இசைச் சிகிச்சையைப் பதிவு செய்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இசைச் சிகிச்சை பற்றிய ஆய்வேடுகள் வருடாவருடம் என் மேசைக்கு வருகின்றன. எழுத்துப்பிழை, மேற்கோள் குளறுபடியை எல்லாம் வழிகாட்டியே திருத்திவிடுவார். ஆய்வையே வீணாக்கும் தவறுகள் வேறு.

ராகத்தின் பெயரோடு நிறுத்திவிடுவது

"நோயாளிகளுக்குத் தினமும் 30 நிமிடம் ஆனந்தபைரவி கேட்கச் செய்யப்பட்டது." செய்முறைப் பகுதியில் இந்த ஒரே வரிதான் இருக்கும். படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ரத்த அழுத்தம் பார்த்த கருவியின் மாடல் எண் வரை எழுதியிருப்பார்கள். கொடுத்த மருந்து, அதாவது அந்த இசை, என்ன என்பதை மட்டும் எழுதியிருக்க மாட்டார்கள்.

குரலா, புல்லாங்குழலா? ஆலாபனையா, கீர்த்தனையா? மிருதங்கம் உண்டா? என்ன சுருதி, என்ன காலப்பிரமாணம் (வேகம்)? நோயாளிக்குப் பழகிய கீர்த்தனை என்றால், வேலை செய்தது ராகமா, அந்தப் பாட்டோடு வந்த பழைய நினைவா என்று எப்படிப் பிரிப்பது? வெறுமனே தோடி என்று எழுதினால் வடக்கே ஒருவர் இந்துஸ்தானி தோடியை எடுத்துக்கொள்வார். அதன் ஸ்வரங்கள் நம் கர்நாடகத் தோடிக்கு அல்ல, சுபபந்துவராளி ராகத்துக்கு உரியவை.

அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய பதற்றம் பற்றி வெளிவந்த ஓர் ஆய்வை ஒரு மாணவி வேறொரு மருத்துவமனையில் செய்து பார்த்தார். கட்டுரையில் ராகமும் நிமிடக் கணக்கும்தான் இருந்தன. எழுதிக் கேட்டும் பதில் இல்லை. கடைசியில், தனி ஆவர்த்தனத்தோடு (தாளவாத்தியங்களின் தனி வாசிப்போடு) கூடிய கச்சேரிப் பதிவு ஒன்றை ஒலிக்கவிட்டார். பலன் தெரியவில்லை. முதல் ஆய்வு தப்பா, இவர் கொடுத்தது வேறா? யாராலும் சொல்ல முடியவில்லை. பயத்தோடு படுத்திருந்த நேரத்திலும் கையெழுத்துப் போட்டு ஒத்துழைத்த அந்த நோயாளிகளை நினைத்தால் இன்றும் ஆறவில்லை.

இசைச் சிகிச்சை ஆய்வாளர் ஷெரி ராப் முதலானோர், இசை சார்ந்த ஆய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்று 2011-ல் வெளியிட்ட நெறிமுறை ஏழு விஷயங்களைக் கேட்கிறது: கோட்பாடு, உள்ளடக்கம், கால அட்டவணை, நடத்துபவர், திட்டப்படி நடந்ததா என்ற சரிபார்ப்பு, இடம், தனியாகவா குழுவாகவா என்பது. நான் எழுதச் சொல்வது இப்படி: "ஆனந்தபைரவி ஆலாபனை, புல்லாங்குழல், தம்புரா மட்டும், தாளவாத்தியம் இல்லை, ஒரே பதிவு, 20 நிமிடம், மாலை 6 மணி, நோயாளி சாய்ந்து படுத்த நிலையில், ஹெட்போனில்." இதற்கு இரண்டு வரிதான் ஆகும்.

எல்லாவற்றையும் 'இசைச் சிகிச்சை' என்பது

நர்ஸ் ஹெட்போனை மாட்டிவிட்டுப் போனால் அது இசை மருத்துவம். பயிற்சி பெற்றவர் உடனிருந்து, நோயாளியின் போக்குக்கு ஏற்ப இசையை மாற்றிக்கொண்டே போவதுதான் இசைச் சிகிச்சை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்புகளும் இரண்டையும் பிரித்தே பார்க்கின்றன.

ஏன் பலன் தரும் என்று சொல்லாமல் விடுவது

"இசை மனதுக்கு இதம்" என்பது கோட்பாடு ஆகாது. பார்கின்சன் நோயாளிகளுக்கு மைக்கேல் தாவுட் குழு 1996-ல் வெளியிட்ட நடைப்பயிற்சி ஆய்வைப் பாருங்கள். மூன்று வாரம், வீட்டிலேயே, தினமும் 30 நிமிடம், தாளத்துக்கு ஏற்ப அடி வைக்க வேண்டும். அடியை ஒழுங்குபடுத்துவது தாளம் என்பதால், நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்பதை அங்கே தவிர்க்கவே முடியாது.

ஒலியளவு

'மிதமாக' என்பது அளவல்ல. காதருகே எத்தனை டெசிபல்?

கட்டுப்பாட்டுக் குழு

ஒப்பிடுவதற்காக இசை கொடுக்காமல் விட்ட குழுவுக்கு என்ன கிடைத்தது: அமைதியா, வார்டு சத்தமா, ஒலியில்லாத ஹெட்போனா? எழுதுங்கள்.

நோயாளிக் குறிப்பேடு

"இசை கொடுக்கப்பட்டது" என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். எந்தப் பாட்டுக்குக் கண் திறந்தார், எதற்கு முகம் சுளித்தார், எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் என்பது மறுநாள் வரும் சிகிச்சையாளருக்குத் தெரிய வேண்டும்.