வேலிக்குள் துப்பாக்கியோடு ஓர் அந்நியர் நின்றால்

வரப்புத் தகராறு எனக்குப் புதிதல்ல. சிவகங்கைப் பக்கம் அரையடி வரப்புக்காகப் பங்காளிகள் வருடக்கணக்கில் நீதிமன்றத்துக்கு நடந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். இப்போது அமெரிக்காவின் டெக்சாஸில், லானோ கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி), நானும் கணவருமாக 54 ஏக்கர் வைத்திருக்கிறோம். பாறையும் ஓக் மரமும், ஊரில் வெட்டித் தீராத சீமைக் கருவேலத்தின் ஒன்றுவிட்ட தம்பியான மெஸ்கீட்டும்தான் அதில் இருக்கின்றன. நவம்பர் முதல் சனிக்கிழமை மான் வேட்டைக் காலம் தொடங்கும். ஊரில் வரப்பைத் தாண்டி வருபவர் கையில் மண்வெட்டி இருக்கும். இங்கே துப்பாக்கி இருக்கும்.

நிலம் வாங்கிய முதல் வருடமே தவறு செய்தோம். விடிந்தும் விடியாத நேரம். எங்கள் ஓடைக்கரையில் ஒருவர் நிற்பதை வேட்டைப் பரணிலிருந்து பார்த்த கணவர், துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு நேராக அவரை நோக்கி நடந்து, பின்னாலிருந்து அதட்டினார். அந்த மனிதர் திடுக்கிட்டுத் திரும்பினார்; அவர் துப்பாக்கிக் குழலும் கூடவே திரும்பியது. இரண்டு வினாடிதான். அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விட்டார். கணவருக்கு அன்று மதியம்வரை காபிக் கோப்பையைப் பிடிக்கக் கை நிலைகொள்ளவில்லை.

இதை மிகை என்று நினைப்பவர்கள் 2004 நவம்பரில் விஸ்கான்சினின் சாயர் கவுண்டியில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். தனியார் நிலத்து மான் பரணில் உட்கார்ந்திருந்த ஒருவரை இறங்கச் சொன்னார்கள். அவரும் இறங்கி நடக்கத் தொடங்கிவிட்டார். அதற்குப் பிறகு நிலத்துக்காரர் தரப்பினர் மேலும் சிலர் வந்து சேர, வாக்குவாதம் முற்றியது. பரணிலிருந்து இறங்கியவர் சுட்டதில் நிலத்துக்காரர் தரப்பில் ஆறு பேர் கொல்லப்பட்டார்கள், இருவர் காயமடைந்தார்கள். முதல் குண்டு யாருடையது என்பதில் இரு தரப்பும் வேறுவேறாகச் சொன்னது. சுட்டவருக்கு ஆயுள் தண்டனை. போகிறவரைப் போக விட்டிருக்கலாமே என்றுதான் எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

ஆகவே வேலையில் பெரும்பகுதியைச் சீசனுக்கு முன்பே, ஆள் இல்லாத நேரத்தில் முடித்துவிடுங்கள். முதலில் ஊதா வண்ணம். டெக்சாஸில் 1997 முதல், மரத்திலோ கம்பத்திலோ ஊதாக் கோடு இருந்தால் ‘உள்ளே வராதே’ என்ற பலகைக்குச் சமம். கோடு செங்குத்தாக, குறைந்தது 8 அங்குல நீளமும் 1 அங்குல அகலமும் இருக்க வேண்டும். அதன் அடிமுனை தரையிலிருந்து 3 முதல் 5 அடிக்குள் அமைய வேண்டும். காட்டு நிலமானால் 100 அடிக்குள் ஒன்று. வெட்டவெளியானால் 1,000 அடிக்குள் ஒன்று போதும். பலகையைப் பிடுங்கி எறிந்துவிடலாம், வண்ணத்தைப் பிடுங்க முடியாது. ஆனால் இந்த வெயிலுக்கு அது வெளுத்துவிடும். அதனால் நான் ஒவ்வொரு செப்டம்பரிலும் டப்பாவும் தூரிகையுமாகச் சுற்றிவருகிறேன். வாயில்களில் மட்டும் பலகையும் வைத்திருக்கிறேன். வெளியூர்க்காரர் எல்லோருக்கும் ஊதாவின் பொருள் தெரியாது.

அடுத்தது அண்டை நிலத்துக்காரர்கள். வேலி தாண்டுபவர்களில் பலர் திருடர்கள் அல்லர். அடிபட்ட மான் வேலியைத் தாண்டி ஓடிவிடும். ரத்தத் தடத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் வருவார்கள். டெக்சாஸில் அதற்கும் உரிமையாளரின் அனுமதி வேண்டும். அக்டோபரிலேயே நாங்கள் நான்கு பக்கத்து வீடுகளுக்கும் போய்த் தொலைபேசி எண்களை மாற்றிக்கொண்டோம். குத்தகைக்கு வேட்டையாட வருபவர்களின் எண்களையும் அவர்களிடம் கேட்டு வாங்கினேன். நான் சுட்டுக் கொண்டுபோயிருந்த முறுக்கை ஒரு வீட்டில் இன்னும் கேட்கிறார்கள்.

கேமராவை வாயிலைப் பார்த்தபடி, தலைக்கு மேல் உயரத்தில், கீழ்நோக்கிச் சாய்த்துக் கட்டுங்கள். இடுப்புயரத்தில் கட்டிய எங்கள் முதல் கேமராவை, அது யாரைப் படமெடுத்ததோ அவரே கழற்றிக்கொண்டு போய்விட்டார். பாதையின் குறுக்கே கம்பி கட்டுவது, குழி வெட்டுவது, வண்டி டயரைக் கிழிப்பது போன்றவை கூடவே கூடாது. கம்பி ஒரு சிறுவனின் கழுத்தை அறுத்தால் சிறைக்குப் போவது நீங்கள்தான்.

சரி, ஆளை நேரில் பார்த்துவிட்டீர்கள். இரவானால், அதிலும் விளக்கடித்து மான் தேடுபவர்களானால், கிட்டப் போகவே போகாதீர்கள். சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குப் பிறகு மான் வேட்டை சட்டப்படி இல்லை. அந்த நேரத்தில் வருபவருக்குத் தான் செய்வது குற்றம் என்று தெரியும். கதவைப் பூட்டிக்கொண்டு வனவிலங்குக் காவலரையோ கவுண்டி போலீஸான ஷெரிஃப் அலுவலகத்தையோ அழையுங்கள். வண்டி எண், நிறம், எத்தனை பேர், எந்தச் சாலை, எந்த வாயில் என்று சொல்லுங்கள். எங்கள் பள்ளத்தில் சிக்னல் கிடைக்காது என்பதால் எந்த மேட்டில் கிடைக்கும் என்று முன்பே பார்த்து வைத்திருக்கிறோம்.

பகலானால் நான் வண்டியை விட்டு இறங்குவதில்லை. தூரத்திலேயே நிறுத்தி, ஹாரனை ஒரு முறை அடித்து, அவர் என்னைப் பார்த்த பிறகுதான் பேசுவேன். இரண்டு கையும் வெளியே தெரியும்படி இருக்கும். துப்பாக்கியை எடுப்பதில்லை, தெரிந்தே ஒருவர் பக்கம் குழலை நீட்டுவது இங்கே தனிக் குற்றமாகிவிடும், நிலம் உங்களுடையதாகவே இருந்தாலும். “வணக்கம் ஐயா, வழி தவறிவிட்டீர்களா?” என்றுதான் தொடங்குவேன். அவருக்குத் தலைகுனியாமல் திரும்பிப் போக ஒரு வழி கிடைக்கிறது. பெரும்பாலும் அதையே பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். போகும் பாதையை மறித்து நிற்காதீர்கள். சட்டம் தெரியுமா என்று வகுப்பெடுக்காதீர்கள். ஆயுதத்தோடு அத்துமீறினால் ஒரு வருடம்வரை சிறை, 4,000 டாலர்வரை அபராதம்; அனுமதியில்லாமல் மானைக் கொன்றுவிட்டால் அதைவிடக் கடுமை. இதையெல்லாம் காவலர் சொல்லட்டும். அவர் முறைத்தாலோ கத்தினாலோ, வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

சென்ற நவம்பரில் கிழக்குப் பக்கத்து வீட்டுக்காரர் காலை ஏழரைக்கு அழைத்தார். பேரன் சுட்ட முதல் மான் எங்கள் ஓடைப் பக்கம் ஓடிவிட்டதாம், வரலாமா என்றார். துப்பாக்கிகளை வண்டியிலேயே வைத்துவிட்டுத் தெற்கு வாயிலுக்கு வாருங்கள், நானும் தேட வருகிறேன் என்றேன்.