பழைய வீட்டுச் சுவர்ல ஆணி அடிக்காம பூங்காவுல விழா நடத்துறது எப்படி?

நான் பந்தல்காரன். மதுரை செல்லூர்ல கடை. சவுக்குக் கம்பு, சாமியானா, சேர், சீரியல் செட்டு எல்லாம் வாடகைக்கு விடுறோம். எங்க அப்பா காலத்துல தமுக்கத்துல சித்திரைப் பொருட்காட்சிக்கே கொட்டகை போட்டிருக்கோம். இப்ப மாசம் ஒரு தடவை, டவுனுக்கு வெளிய ஒரு பூங்காவுல வேலை. அந்தப் பூங்காவுக்குள்ள நூறு வருசம் தாண்டுன மாடி வீடு ஒண்ணு இருக்கு. கோலப்போட்டி, ஒயிலாட்டம், பிள்ளைகளுக்குக் கதை சொல்றதுன்னு எல்லாம் அதோட வாசல்லதான். உங்க ஊர்லயும் இப்படி ஒரு வீடு இருந்தா, நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன்.

மொத வருசம் நான் ஒரு வேலை பாத்தேன். குழி தோண்டச் சோம்பேறித்தனப்பட்டு, பந்தக் கயித்தை வராண்டா மரத்தூண்ல கட்டிட்டேன். சாயங்காலம் காத்து கிளம்புச்சு பாருங்க, சாமியானா உப்பி ஒரு இழுப்பு. தூணுக்கு மேல இருந்த காரை, அதான் சுண்ணாம்புப் பூச்சு, மூணு அடி நீளத்துக்குப் பேந்து விழுந்துச்சு. கூட்டம் வர அரை மணி நேரம் இருந்ததால தப்பிச்சோம். அதை விடப் பெரிய தப்பு அன்னைக்கு ராத்திரி பண்ணுனேன். யாருக்கும் தெரியாம சிமெண்டைக் குழைச்சு அந்த இடத்தைப் பூசிட்டேன். ரெண்டு மழைக்காலம் போனதும் நான் பூசுன சிமெண்ட் கல்லு மாதிரி நிக்குது, அதைச் சுத்தி பழைய காரை எல்லாம் பொடிப்பொடியா உதிருது.

பெரிய கொத்தனார் ஒருத்தர் வந்து பாத்துட்டு என்னைய ஏற இறங்கப் பாத்தார். "தம்பி, சுண்ணாம்புச் சுவரு ஈரத்தை உள்ள வாங்கி வெளிய விடும். நீ வாயைப் பொத்திட்ட. அது வேற வழியாத்தான வெளிய வரும்?" உள்ள மாட்டுன ஈரம் உப்பையும் சேத்து இழுத்துக்கிட்டு பக்கத்துக் காரை வழியா வருதாம். அந்த உப்பு பூத்துத்தான் காரை தள்ளுது.

அதனால பந்தல் தன் கால்லயே நிக்கணும், வீட்டு மேல சாயக்கூடாது. சுவர்லருந்து பத்தடி தள்ளித்தான் மொதக் கம்பு. அந்தப் பத்தடிக்குள்ள கடப்பாரையே வேண்டாம், குழியில தண்ணி நின்னா அஸ்திவாரத்துக்குத்தான் இறங்கும். நான் 20 லிட்டர் பெயிண்ட் டப்பாவுல கான்கிரீட் போட்டு, நடுவுல பைப்பை நட்டு வச்சிருக்கேன். ஒண்ணு 45 கிலோவுக்குக் குறையாது. கால் ஒவ்வொண்ணுக்கும் ஒரு டப்பா, காத்தடிக்கிற மூலைக்கு ரெண்டு. சீரியல் செட்டு வீட்டு மேல போட்டே ஆகணும்னு அடம்பிடிச்சா, தூண்ல கோணிச் சாக்கைச் சுத்தி அதுக்கு மேல கயிறு கட்டுங்க. பேனரை செல்லோ டேப்ல ஒட்டாதீங்க. பிய்க்கும்போது வெள்ளையும் சேந்து வரும். படம் வரையுறவங்க பலகை வைக்கிற ஸ்டாண்டு மாதிரி, தானா நிக்கிற மரச்சட்டம் நாலு செஞ்சு வச்சுக்கிட்டா பேனரை மாட்ட அது போதும்.

கரண்டு வீட்டு லைன்ல எடுக்கக் கூடாது, தனி போர்டுதான். ஜெனரேட்டர், சமையல் அடுப்பு ரெண்டும் மதிலோரம். பாஸ் ஸ்பீக்கர் பாக்ஸை வராண்டாவுல வைக்க விடாதீங்க, தரையில மணல் மூட்டை போட்டு அது மேல வைங்க. ஒரு தடவை குத்துப்பாட்டு ஓடும்போது உத்தரத்துலருந்து தூசி மாவு சலிச்ச மாதிரி கொட்டுனதை நானே பாத்தேன். ராத்திரி பத்து மணிக்கு மேல ஸ்பீக்கருக்குச் சட்டத்துலயே இடமில்லை, அது நமக்கு நல்லதாப் போச்சு.

மாடிக்கு ஆளை ஏத்துறதுலதான் கறாரா இருக்கணும். அந்தக் காலத்து மெட்ராஸ் டெரஸ் மாடி, கம்பி கிடையாது. தேக்கு உத்தரம், அதுக்கு மேல மெல்லிசு செங்கலைச் சாய்வா நிறுத்திச் சுண்ணாம்புல கோத்து, அதுக்கு மேல செங்கல் ஜல்லிக் கான்கிரீட்டை நாள்கணக்காக் கட்டையால அடிச்சு இறுக்கியிருப்பாங்க. உத்தரத்தோட நுனி சுவருக்குள்ள போற இடத்துல கரையானோ ஈரமோ இருந்தா வெளிய தெரியாது. ஸ்க்ரூ டிரைவரால அந்த இடத்தைக் குத்திப் பாருங்க. இறங்குச்சுன்னா மாடியைப் பூட்டிருங்க. நல்லா இருந்தாலும் எங்க கணக்கு ஒரு நேரத்துக்குப் பதினஞ்சு பேர், ஆட்டம் பாட்டம் கிடையாது.

இனி காரை வேலை. சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தொட்டித் தண்ணியில கொஞ்சம் கொஞ்சமாப் போடுங்க, கல்லு மேல தண்ணியை ஊத்தாதீங்க. புஸ்ஸுன்னு கொதிச்சுத் தெறிக்கும், கண்ணுல பட்டா பார்வை போயிரும், கண்ணாடி போடாம கிட்டப் போகக் கூடாது. ஆறுனதும் சலிச்சு, மேல தண்ணி நிக்கிற மாதிரி மூணு வாரமாவது ஊறப்போடணும். வெண்ணெய் மாதிரி ஆகும். அதுல மணல் சேத்து அரைச்சு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிப் புளிச்ச தண்ணி விட்டுக் குழைப்பாங்க. கொத்தனார் வாளியைத் திறந்தா கள்ளு வாடை அடிக்கும். பூசுனதுக்கப்புறம் ஒரு வாரம் ஈரச்சாக்கு போட்டு நனைச்சுக்கிட்டே இருக்கணும். இம்புட்டு நாள் ஆகும்கிறதால விழாவுக்கு மொத நாள் வெள்ளையடிக்கிற வேலையே வேண்டாம். ஒரு கோலப்போட்டிக்கு அப்படித்தான் அடிச்சோம், பரிசு வாங்க வந்த அக்காமார் பட்டுச்சேலை பூரா வெள்ளை.

விழாவால வீட்டுக்கு என்ன லாபம்னு கேப்பீங்க. ஸ்டால் வாடகையில ஒரு பங்கு சுண்ணாம்புக்குப் போகுது, அது சரி. ஆனா எங்களுக்குப் பெரிய லாபம் வேற. ஒரு ஞாயித்துக்கிழமை, 'இந்த வீடு தெரியுற பழைய போட்டோ இருந்தா கொண்டு வாங்க'ன்னு ஊருக்குள்ள ஆட்டோவுல மைக் கட்டிச் சொன்னோம். டீ, பருத்திப்பால், முள்ளு முறுக்கு, அம்புட்டுத்தான் ஏற்பாடு. ஒரு அப்பத்தா சேலைத் தலைப்புல சுத்திக் கொண்டாந்த கல்யாணப் போட்டோவுல, பொண்ணு மாப்பிள்ளைக்குப் பின்னாடி மாடி விளிம்புல மழைத்தண்ணி வெளிய கொட்டுற கல் தூம்பு ஒண்ணு நீட்டிக்கிட்டு இருந்துச்சு. இப்ப அந்த இடத்துல வெறும் சுவர். யாரோ எப்பவோ அடைச்சிட்டாங்க. கீழ் ரூம்ல வருசா வருசம் ஈரம் பூத்ததுக்கு அதுதான் காரணம். அடைப்பை எடுத்துத் தூம்பைத் திறந்தோம், அடுத்த ஐப்பசியில அந்தச் சுவர் காஞ்சு கிடந்துச்சு. இப்படி ஒரு நாள் வச்சா, போட்டோவைக் கையில வாங்கி வைக்காதீங்க. அங்கேயே போன்ல படம் எடுத்துட்டு, அவங்க பேரையும் வருசத்தையும் நோட்டுல எழுதிட்டுத் திருப்பிக் குடுத்துருங்க.

தேதி விசயம்: ஐப்பசி, கார்த்திகை மழையில வெளி விழா வேண்டாம். புரட்டாசியிலேயே மாடித் தண்ணி போற வழியையும், சுவர்ல முளைச்ச அரசங்கன்னையும் பாத்துருங்க. கன்னைப் பிடுங்குனா கல்லும் சேந்து வரும், வெட்டிட்டு வேரைச் சாகடிக்கணும். சித்திரையில மட்டும் என்னையக் கூப்பிடாதீங்க. அழகர் வர்ற வழியில மண்டகப்படிப் பந்தல் வேலை, கம்பு ஒண்ணு கூட கடையில இருக்காது.

விழா முடிஞ்ச மறுநாள் காலையில, கூட்டுறதுக்கு முந்தி, டார்ச் லைட்டோட வீட்டை ஒரு சுத்து வாங்க. சுவரடியில புதுசா வெள்ளைப் பொடி விழுந்திருக்கான்னு பாருங்க. விழுந்திருந்தா நேர் மேல சுவரை விரல் முட்டியால தட்டுங்க. டொக்குன்னா பிடிப்பா இருக்கு. டொம்முன்னா உள்ள விட்டிருச்சு. அந்த இடத்துல சாக்பீஸால வட்டம் போட்டுட்டு, கொத்தனாருக்குப் போன் பண்ணுங்க. அவர் வர்ற வரைக்கும் அங்கிட்டு யாரையும் உக்கார விடாதீங்க.