உயரத்தைப் பார்க்காதீர்கள், வேகத்தைப் பாருங்கள்: வளர்ச்சி ஹார்மோன் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டுப் பிள்ளையின் உயரத்தைக் குறித்துவைக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் உண்டு. ஒரு தடவை, ஆறு மாதம் கழித்து அளந்தால் புதுக் கோடு பழைய கோட்டுக்குக் கீழே விழுந்தது. வீடே பதறிவிட்டது. பழைய கோடு செருப்புப் போட்டுக்கொண்டு நின்றபோது போட்டது என்று அப்புறம்தான் தெரிந்தது.

பிள்ளை வளரவில்லை என்று எழும் பயத்துக்குப் பின்னால் பல நேரம் இப்படி ஒரு தப்பான அளவுதான் இருக்கும். செருப்பு, சாக்ஸ், உச்சிக் கொண்டை எதுவும் கூடாது. குதிகால், பின்புறம், தோள் மூன்றும் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். பார்வை நேராக இருக்க வேண்டும். தலைமேல் கனமான புத்தகத்தைச் சுவருக்குச் செங்குத்தாக வைத்துக் கோடு போடுங்கள். நேரமும் முக்கியம். முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டுகள் நாள் முழுக்க எடையைத் தாங்கி அமுங்குவதால், காலையில் இருந்த உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மாலைக்குள் குறைந்துவிடும். ஒரே நேரத்தில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும். வாராவாரம் அளப்பது கவலையைத்தான் வளர்க்கும்.

சரி, அளவு சரியாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த தவறு, பக்கத்தில் நிற்கும் பிள்ளையோடு ஒப்பிடுவது. ஒன்பது வயதில் இரண்டு பையன்கள். ஒருவன் 124 செ.மீ., வகுப்பிலேயே குட்டை. ஆனால் வருடத்துக்கு ஐந்தரை சென்டிமீட்டர் சீராக ஏறிக்கொண்டிருக்கிறான். இன்னொருவன் 133 செ.மீ., நடுத்தர உயரம். ஆனால் கடந்த இரண்டு வருடமாக ஆண்டுக்கு மூன்று சென்டிமீட்டர்தான் வளர்கிறான். டாக்டரிடம் முதலில் போக வேண்டியவன் இரண்டாவது பையன். குட்டையாக இருப்பது வெறும் குடும்ப வாகாக இருக்கலாம். வேகம் குறைவதற்கு மட்டும் காரணம் தேடியே ஆக வேண்டும்.

பொதுவான கணக்கு இது: முதல் வருடம் சுமார் 25 செ.மீ., இரண்டாம் வருடம் 10 முதல் 12 செ.மீ., நான்கு வயதிலிருந்து பருவமடையும் வரை வருடத்துக்கு 5 முதல் 6 செ.மீ. இந்தக் கடைசிக் கட்டத்தில் நாலு சென்டிமீட்டருக்குக் கீழே போனால் விட்டுவிடக் கூடாது. பெற்றோர் உயரத்தை வைத்தும் ஒரு குறி பார்க்கலாம். அப்பா, அம்மா உயரத்தைக் கூட்டி, பையனென்றால் 13 சேர்த்து, பெண்ணென்றால் 13 கழித்து, இரண்டால் வகுக்க வேண்டும். அப்பா 168, அம்மா 154 என்றால் மகனுக்கு 167.5, மகளுக்கு 154.5. இதிலிருந்து எட்டு சென்டிமீட்டர் மேலே கீழே போவதும் இயல்புதான். 'பிறக்கும்போது நல்ல நீளமாக இருந்தானே' என்ற ஆறுதல் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. கருவில் வளர்வதற்கு வளர்ச்சி ஹார்மோன் பெரிதாகத் தேவையில்லை. அது அறவே சுரக்காத குழந்தைகூட ஏறக்குறைய இயல்பான நீளத்தோடு பிறக்கலாம்.

இனி, அதிகம் குழப்பிக்கொள்ளும் இடம். வளர்ச்சி ஹார்மோன் நேராகப் போய் எலும்பைப் பிடித்து இழுப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பிதான் அதைச் சுரக்கிறது. அதற்கு மேலே இருக்கும் ஹைபோதாலமஸ் என்ற மூளைப் பகுதி, 'விடு' என்று ஒரு ஹார்மோனையும் 'நிறுத்து' என்று இன்னொன்றையும் அனுப்பி அதை ஆட்டிவைக்கிறது. ரத்தத்தில் கலந்த வளர்ச்சி ஹார்மோன் கல்லீரலுக்குப் போய் ஐஜிஎஃப்-1 என்ற இன்னொரு பொருளைச் சுரக்க வைக்கிறது. எலும்பில் நடக்கும் வேலையில் பெரும்பங்கு இதனுடையது.

நீண்ட எலும்புகளின் முனைக்குப் பக்கத்தில் மெல்லிய குருத்தெலும்புப் பட்டை ஒன்று இருக்கிறது. வளர்ச்சித் தட்டு என்பார்கள். அதற்குள் செல்கள் நாணயங்களை அடுக்கியதுபோல் வரிசை வரிசையாக நிற்கும். ஒரு முனையில் உறங்கிக்கிடக்கும் செல்களை வளர்ச்சி ஹார்மோன் எழுப்பிவிடுகிறது. அவை ஐஜிஎஃப்-1 தூண்டுதலில் பிரிந்து பெருகி அடுக்கை நீட்டுகின்றன. மறுமுனைக்கு வந்த செல்கள் உப்பிப் பெருத்து மடிகின்றன. அந்த இடத்தில் சுண்ணாம்புச் சத்து படிந்து எலும்பு உருவாகிறது. ஆக, எலும்பு நீள்வது நடுவில் அல்ல, முனைக்குப் பக்கத்தில்.

இது தெரிந்தால் அடுத்த தவறு தானாகப் புரியும். ஏதோ ஒரு நேரத்தில் ரத்தம் எடுத்து வளர்ச்சி ஹார்மோன் அளவைப் பார்த்துவிட்டு, 'குறைவு' என்று முடிவுகட்டுவதில் அர்த்தமில்லை. இந்த ஹார்மோன் குழாய்த் தண்ணீர்போல ஓடிக்கொண்டே இருப்பதில்லை. விட்டு விட்டுப் பீறிட்டு வரும். தூங்கப்போன கொஞ்ச நேரத்தில், ஆழ்ந்த உறக்கத்தின்போது, பெரிய அலை வரும். இரண்டு அலைக்கு நடுவே யாருக்குமே ஏறக்குறைய பூஜ்ஜியம்தான். அதனால்தான் டாக்டர்கள் நாள் முழுக்க ஒரே சீராக இருக்கும் ஐஜிஎஃப்-1 அளவை முதலில் பார்க்கிறார்கள். தேவைப்பட்டால், வெறும் வயிற்றில் ஒரு மருந்தைக் கொடுத்துச் சுரப்பியைத் தூண்டிவிட்டு, அரைமணிக்கு ஒருமுறை ரத்தம் எடுக்கிறார்கள். பிள்ளை முரண்டு பிடிக்கும், காலைப்பொழுது முழுக்கப் போய்விடும். இருந்தாலும் ஒற்றை அளவை நம்புவதைவிட இது மேல். அதிலும் பருமனான பிள்ளைகளுக்கு அளவு குறைத்துக் காட்டும் என்பதால், எண்ணை மட்டும் வைத்து யாரும் தீர்ப்பு எழுதக் கூடாது.

பிள்ளை வளரவில்லை என்றாலே பழியை வளர்ச்சி ஹார்மோன்மேல் போடுவதும் சரியல்ல. தைராய்டு குறைந்தால் எலும்பு முடங்கும். சிறுநீரகக் கோளாறு, கோதுமைப் புரதம் ஒவ்வாத சீலியாக் நோய், நீண்ட காலம் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பது, பெண் பிள்ளைகளுக்கு ஒரு எக்ஸ் குரோமோசோம் முழுதாகவோ பாதியாகவோ இல்லாத டர்னர் குறைபாடு எல்லாமே உயரத்தைக் குறைக்கும். போதிய சாப்பாடு இல்லையென்றால், ஹார்மோன் நிறையச் சுரந்தாலும் கல்லீரல் ஐஜிஎஃப்-1 செய்யாது. லாரான் குறைபாட்டிலும் இதே கதைதான்: ஹார்மோன் ரத்தத்தில் தாராளமாக இருக்கும், அதை ஏற்கும் வாசல் பழுதாகியிருக்கும். இன்னொன்று, கேட்கவே மனசு கனக்கும். அன்பே இல்லாத, அடியும் பயமுமான வீட்டில் வளரும் சில குழந்தைகளுக்கு ஹார்மோன் சுரப்பே படுத்துவிடும். அங்கிருந்து மாற்றினால், மருந்தில்லாமலே மறுபடி வளர்வார்கள்.

காலத்தைக் கோட்டைவிடுவதைத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு என்பேன். வளர்ச்சித் தட்டு என்றென்றும் திறந்திருக்காது. பருவ வயதில் அதை மூடுவது ஈஸ்ட்ரோஜன், ஆண்பிள்ளைகளுக்கும்தான். 1994-ல் வெளியான ஒரு மருத்துவக் குறிப்பில், ஈஸ்ட்ரோஜன் வேலைசெய்யாத மரபுக் கோளாறு உள்ள 28 வயது ஆண் ஒருவரைப் பற்றி எழுதியிருந்தார்கள். அந்த வயதிலும் அவருடைய தட்டுகள் மூடவில்லை. உயரம் 204 செ.மீ., இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார். ஆகவே 'எட்டு வயதிலேயே நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டாள்' என்று பெருமைப்படும் முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எட்டு வயதுக்கு முன் பெண்ணுக்கோ, ஒன்பதுக்கு முன் பையனுக்கோ பருவ மாற்றம் தொடங்கினால், இன்று வகுப்பிலேயே உயரமான பிள்ளை நாளைக்குக் குட்டையாக நின்றுவிடலாம். மாதவிடாய் தொடங்கிய பிறகு பெண்கள் பெரும்பாலும் சில சென்டிமீட்டர்கள்தான் வளர்வார்கள். எவ்வளவு காலம் மிச்சம் இருக்கிறது என்று காட்டுவது இடது கை எக்ஸ்ரே. மணிக்கட்டு, விரல் எலும்புகளின் நிலையை வைத்து எலும்பின் வயதைச் சொல்லிவிடுவார்கள். பன்னிரண்டு வயதுப் பையனின் எலும்புக்கு ஒன்பதரை வயது என்றால், வளர இன்னும் காலம் மிச்சம் இருக்கிறது, அது பெரும்பாலும் நல்ல செய்தி.

உயரம் கூட்டும் பவுடர், மாத்திரை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வளர்ச்சி ஹார்மோன் 191 அமினோ அமிலங்கள் கோத்த புரதம். வாய்வழி போனால் சாப்பாட்டோடு செரித்துப்போகும். இன்சுலினை ஊசியாகப் போடுவதும் இதனால்தான். கம்பியில் தொங்கினால் அமுங்கிய வட்டுகள் கொஞ்சம் விரியும், நடந்தால் திரும்ப அமுங்கும். தட்டு மூடிய பிறகு எதைச் சாப்பிட்டாலும் எலும்பு நீளாது.

வளர்ச்சி ஹார்மோன் ஊசி உண்மையிலேயே தேவைப்படும் பிள்ளைகளுக்கு அது பெரிய வரம். முன்பெல்லாம் இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்துதான் இந்த ஹார்மோனைப் பிரித்தெடுத்தார்கள். அதன் வழியே மூளையை அழிக்கும் நோய் சிலருக்குத் தொற்றியது தெரிந்து, 1985-ல் அந்த வழி கைவிடப்பட்டது. அதே வருடம் மரபணுத் தொழில்நுட்பத்தில் தயாரான ஹார்மோன் வந்தது. இப்போது நடக்கும் தவறுகள் வேறு: இரவு ஊசியை அடிக்கடி மறப்பது, நாலு மாதத்தில் பலன் இல்லையென்று நிறுத்திவிடுவது. ஊசி போடும் பிள்ளை விடாத தலைவலி, பார்வை மங்கல் என்றாலோ, இடுப்போ முழங்காலோ வலித்து நொண்டினாலோ, 'விளையாட்டில் அடிபட்டிருக்கும்' என்று விடாமல் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பெரியவர்கள் தசைக்காகவும் இளமைக்காகவும் தாங்களாகவே இந்த ஊசியைப் போட்டுக்கொள்வது எனக்குப் புரியாத துணிச்சல். உயரம் ஒரு நூல்கூட ஏறாது. ரத்தச் சர்க்கரை ஏறும். பிட்யூட்டரியில் கட்டி வந்து ஹார்மோன் அதிகமாகச் சுரந்தாலும், மூடிய தட்டு வழியாக எலும்பு நீள முடியாமல் அகலமாகும். மோதிரம் கழற்ற வராது. செருப்பு அளவு ஏறிக்கொண்டே போகும். தாடை முன்னால் வந்து பல்லுக்குப் பல் இடைவெளி விழும். மாற்றம் மெதுவாக வருவதால் கூடவே இருக்கும் வீட்டாருக்கும் தெரியாது. சந்தேகம் இருந்தால், டாக்டரிடம் போகும்போது பத்து வருடத்துக்கு முந்தைய புகைப்படம் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள்.