வெளிச்சவீட்டை எங்கே பிரிப்பது? ஆங்கிலத் தொகைச்சொற்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பின் பாலமீன்மடுவில் 1913இல் கட்டப்பட்ட வெளிச்சவீட்டை ஆங்கிலத்தில் 'லைட்ஹவுஸ்' என்கிறோம். அதில் எத்தனை அசைகள் என்று மட்டக்களப்பு மாணவரிடம் கேட்டால், மூன்று என்ற விடை எளிதில் வந்துவிடும். தமிழில் எழுதும்போது 'வு' தனியெழுத்தாக நிற்பதால் கண் அதையும் எண்ணிவிடுகிறது. ஆங்கில ஒலிப்பில் அது முன்னுள்ள உயிரோடு வழுக்கிச் சேர்ந்துவிடுவதால் அசைகள் இரண்டே. 'இஸ்கூல்' என்று முன்னே இகரம் சேர்ப்பவரும் இவ்வாறே இல்லாத அசையொன்றை உண்டாக்குகிறார்.

இதைவிட ஆழமான தவறு யாப்பிலக்கணத்தின் வழியாக வருகிறது. 'கடல்' யாப்பில் நிரையசை, அதாவது ஓரசை. ஆங்கிலக் கணக்கிலோ க, டல் என இரண்டு. 'சிலபிள்' என்பதையும் நாம் அசை என்றே சொல்வதால், நேரும் நிரையும் நன்றாகப் படித்த கெட்டிக்கார மாணவரே இங்கு முதலில் தடுமாறுகிறார் என்பது என் எண்ணம்.

ஒரு சொல்லில் பொருள் தரும் சிறு பகுதிகளான பொருள்கூறுகளைப் பிரிப்பது வேறு வேலை. 'ஸ்கூல்டீச்சர்' என்பதைப் பொருள் நோக்கில் ஸ்கூல், டீச், அர் என்றும், ஒலி நோக்கில் ஸ்கூல், டீ, சர் என்றும் பிரிக்க வேண்டும். இரண்டிலும் மூன்று துண்டுகள் வருவதாலேயே வெட்டும் இடமும் ஒன்றென்று நம்பிவிடுகிறோம். அலுமாரியைக் குறிக்கும் 'கப்போர்ட்' கப், போர்ட் ஆகிய சொற்களால் ஆனதாயினும் ஆங்கிலேயர் வாயில் 'கபட்' போலவே ஒலிக்கும். 'கார்பெட்' இரு சொற்கள் சேர்ந்த தொகைச்சொல்லே அன்று. அதில் காரும் இல்லை, 'பெட்' எனும் செல்லப்பிராணியும் இல்லை.

தமிழில் அழுத்தம் ஒரு சொல்லின் பொருளை மாற்றுவதில்லை. ஆகவே நாம் எல்லா அசைகளையும் ஒரே சீராகச் சொல்லிப் பழகியிருக்கிறோம். ஆங்கிலத்தில் 'லைட்' அழுத்தம் பெற்றால் கலங்கரை விளக்கம். இரு சொற்களாக நின்று 'ஹவுஸ்' அழுத்தம் பெற்றால் வெளிச்சமான ஒரு வீடு. முதற்சொல்லே எப்போதும் அழுத்தம் பெறும் என்று மனனம் செய்வதும் தவறு: தெருப்பெயர்களுள் 'மெயின் ஸ்ட்ரீட்' என்பதில் 'மெயின்' ஓங்கும், 'பார் ரோட்' என்பதில் 'ரோட்' ஓங்கும்.

அகராதியில் அழுத்தத்தைக் காட்ட மேலே இடப்படும் சிறு செங்குத்துக் கோடு, தனக்கு அடுத்து வரும் அசையையே குறிக்கும். 'ஆஃப்டர்நூன்' என்ற சொல்லில் அக்கோடு 'நூன்' என்பதற்கு முன்னால் நிற்பதைக் கண்டு, அதற்கு முந்திய 'டர்' என்பதை அழுத்திச் சொல்பவர்கள் குறியைப் பார்த்தபின்பே பிழை விடுகிறார்கள்.