நோயாளிக்காக நீங்கள் முடிவெடுக்க வேண்டி வந்தால்

ஐசியு வாசலில் டாக்டர் வந்து "வெண்டிலேட்டர் வைக்கலாமா, என்ன சொல்றீங்க?" என்று கேட்டதும் சட்டென்று பதில் சொல்லிவிடாதீர்கள்.

முதலில், நோயாளியாலேயே முடிவெடுக்க முடியுமா என்று பாருங்கள். சொன்னது புரிகிறதா, அது தன் உடம்பைப் பற்றிய பேச்சு என்று உணர்கிறாரா, ஏன் வேண்டும் ஏன் வேண்டாம் என்று காரணம் சொல்ல முடிகிறதா, தலையசைத்தாவது முடிவைத் தெரிவிக்கிறாரா, இவ்வளவும் இருந்தால் முடிவு அவருடையதுதான், வயது எண்பதானாலும், அந்த முடிவு நமக்குப் பிடிக்காவிட்டாலும். "அவர்கிட்ட சொல்லாதீங்க, தாங்க மாட்டார்" என்று நாம் டாக்டரைக் கேட்டுக்கொள்வது பாசத்தால்தான், ஆனால் அவருடைய உரிமையை அது பறித்துவிடுகிறது. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரிடமே கேளுங்கள். "எல்லாம் பொண்ணுகிட்ட பேசிக்கோங்க" என்றால், சரி, அதுவும் அவர் எடுத்த முடிவே.

அவரால் பேசவே முடியாத நிலை என்றால்? இப்போது பேச முடிந்தால் அவர் என்ன சொல்வார் என்று யோசியுங்கள். வேறு யாரோ படுக்கையில் கிடந்தபோது அவர் சொன்ன ஒரு வரி கூட உதவும்.

மருத்துவ அறத்துக்கு நான்கு கொள்கைகளை 1979ல் பீச்சம்ப், சில்ட்ரெஸ் என்ற இரு அமெரிக்க அறவியல் அறிஞர்கள் வகுத்தார்கள்: நோயாளியின் சுயமுடிவு, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி. சிக்கல் என்னவென்றால், நெருக்கடியில் இவை ஒன்றோடொன்று மோதும். உயிரைக் காக்கும் குழாயே வேதனையும் தரும். எதற்கு எவ்வளவு எடை என்று எந்தப் பட்டியலும் சொல்லாது, அங்கே தேவைப்படுவது குணம்: உண்மையைக் கேட்கும் துணிவு, பணத்தைப் பற்றியும் ஒளிக்காமல் பேசும் நேர்மை, ஊரார் என்ன நினைப்பார்கள் என்ற பயத்தைத் தள்ளிவைக்கும் நிதானம்.

தீர்மானிக்க முடியவில்லையா, கெடு வைத்து முயன்று பார்க்கலாமா என்று கேளுங்கள். "மூணு நாள் வைப்போம், அதுக்குள்ள எது மாறினால் தேறுறார்னு அர்த்தம், மாறலேன்னா என்ன செய்வோம்?" இதை இப்போதே பேசி, வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நான்காம் நாள் வெளியூரிலிருந்து வரும் அண்ணன் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

அப்புறம், கருவி வேண்டாம் என்று முடிவானாலும் வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மருந்து தொடரும்தானே என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், வலி தணிப்பு மருத்துவர் இருந்தால் அன்றைக்கே வரச் சொல்லுங்கள்.