டூல்ஸ் டிராயருக்குள் ஒரு ஃபோம் படுக்கை: முதன்முறை வெட்டுகிறவர்களுக்கு

போன வருடம் என் பைக்கில் ஒரு சத்தம். ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் மட்டும் 'டிக்' என்று கேட்கும். செயினை இறுக்கிப் பார்த்தேன், சைலன்சர் கிளாம்ப்பை முறுக்கிப் பார்த்தேன். போகவில்லை. இரண்டு மாதம் கழித்து பேட்டரியைப் பார்க்க சைடு கவரைக் கழற்றினால், உள்ளே சாவகாசமாகப் படுத்திருக்கிறது என் 10-11 ஸ்பேனர் (ஒரு முனை 10 மி.மீ., மறுமுனை 11). அதுவரை அது தகரப் பெட்டிக்கு அடியில் எங்கோ கிடக்கும் என்று நினைத்து, ரிங் ஸ்பேனரை வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கொட்டி வைத்தால் ஒன்று குறைவது எப்படித் தெரியும்?

பைக்கில் ஸ்பேனர் கிடந்தால் சத்தத்தோடு போயிற்று. 2023 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் விமான நிறுவனத்தின் ஏ380 விமானம் ஒன்றின் எஞ்சினுக்குள், சோதனையின்போது சுழலியைத் திருப்ப உபயோகித்த 1.25 மீட்டர் நீள நைலான் கருவியை எடுக்காமலே விட்டுவிட்டார்கள். அதோடேயே அந்த விமானம் 34 தடவை, 294 மணி நேரம் பறந்திருக்கிறது. விமானப் பராமரிப்புக் கூடங்களில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்திலேயே ஃபோமில் குழி வெட்டி வைப்பது இதற்காகத்தான். வேலை முடிந்து டிராயரை மூடும்போது ஒரு குழி காலியாக இருந்தால் கண்ணில் அறையும். பார்க்க அழகாக இருக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் நான் வெட்டியது அந்தக் காலிக் குழிக்காக.

என்னிடம் இருப்பது பெரிய டூல்ஸ் அலமாரி எல்லாம் இல்லை. ஆபீஸ்களில் இருக்குமே, மூன்று டிராயர் வைத்த பழைய ஸ்டீல் மேசை, அதுதான். பழைய இரும்புக் கடையில் பிடித்தது. நீங்கள் மரப்பெட்டி வைத்திருந்தாலும், விரித்தால் தட்டு தட்டாக ஏறும் ஐந்தறைப் பெட்டி வைத்திருந்தாலும் முறை ஒன்றுதான்.

எந்த ஃபோம்?

இதில் தப்பு செய்தால் பிறகு என்ன கவனமாக வெட்டியும் பயனில்லை. டிவி வாங்கும்போது வருகிற வெள்ளை பேக்கிங் ஃபோம் வேண்டாம், நாலு தடவை எடுத்து வைத்தால் ஓரம் நசுங்கிவிடும். மெத்தை, சோபாவில் வைக்கிற பஞ்சு ஃபோம் அதைவிட மோசம். எண்ணெயையும் ஈரத்தையும் குடித்துக்கொள்ளும், சில வருடங்களில் பொடிப்பொடியாக உதிரும்.

வேண்டியது ஈவிஏ ஷீட். ரப்பர் செருப்பின் அடிப்பாகம் பார்த்திருப்பீர்கள், அநேகமாக அந்தச் சரக்குதான். உள்ளே இருக்கும் காற்றறைகள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக மூடியிருப்பதால் எண்ணெய் மேலேயே நிற்கும், துடைத்தால் போய்விடும். செருப்பு, ஷூ செய்வதற்கான பொருட்கள் விற்கிற கடைகளில் கேளுங்கள். சென்னைக்காரர்களுக்குப் பெரியமேடு பக்கத்தில் கிடைக்கும். கடையில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரலை எடுத்ததும் பள்ளம் உடனே எழும்ப வேண்டும்.

இரண்டு நிறத்தில் வாங்குங்கள். மேலே வைக்க 10 மி.மீ. கறுப்பு, அடியில் வைக்க 3 மி.மீ. மஞ்சளோ சிவப்போ. மேல் ஷீட்டில் குழியை முழுக்க ஊடுருவ வெட்டி எடுத்துவிட்டு, அதைக் கீழ் ஷீட்டின்மேல் ஒட்டிவிடுவோம். கருவியை எடுத்ததும் கறுப்புக்கு நடுவில் மஞ்சள் தெரியும். புதிதாகச் செய்கிறவர்களுக்கு இதில் இன்னொரு வசதி, பாதி ஆழம் மட்டும் வெட்டி உள்ளே இருப்பதைத் தோண்டியெடுக்கும் ரோதனை கிடையாது. ஷீட்டை வாங்கிய அன்றே வெட்ட உட்காராதீர்கள். குழந்தைகள் விளையாட்டு விரிப்பு, புதிர்த்துண்டு மாதிரி ஒன்றோடொன்று கோக்கிறதே, அதில் பல ஈவிஏதான். வீட்டில் பழையது ஒன்று கிடந்தால் கை பழக அதை வெட்டுங்கள். ஆனால் வீட்டில் கேட்டுவிட்டு.

அளவும் மாவு உருண்டையும்

டிராயரின் அளவை அடித்தளத்தில் வைத்து எடுங்கள். பழைய ஸ்டீல் டிராயர்களில் மேல் விளிம்பு உள்பக்கம் மடிந்திருக்கும், மேலே அளந்தால் ஏமாந்துபோவீர்கள். முன்னால், நடுவில், பின்னால் என மூன்று இடத்தில் அகலம் பாருங்கள். என் இரண்டாவது டிராயரில் முன்னுக்கும் பின்னுக்கும் 4 மி.மீ. வித்தியாசம் இருந்தது. ஷீட்டை ஒரு மி.மீ. கூட வைத்து வெட்டினால் இறுக்கமாக உட்காரும். அதற்கு மேல் போனால் நடுவில் உப்பிக்கொண்டு நிற்கும்.

உயரத்தை யாரும் யோசிப்பதில்லை. ஃபோம் வந்ததும் கருவிகள் எல்லாம் கொஞ்சம் மேலே ஏறிவிடும், டிராயர் மூடும்போது இடிக்கும். உயரமான கருவியின் தலையில் சப்பாத்தி மாவில் ஒரு சின்ன உருண்டை வைத்து, அடியில் 3 மி.மீ. ஷீட் துண்டையும் போட்டு, டிராயரை மெதுவாக மூடித் திறங்கள். உருண்டை நசுங்காமல் இருந்தால் கவலையில்லை. நசுங்கியிருந்தால் மிச்சமிருக்கிற கனம்தான் உங்களுக்கு உள்ள இடைவெளி. கருவியே இடித்தால் அதை வேறு டிராயருக்கு மாற்றுங்கள்.

அடுக்கிப் பார்ப்பதுதான் பாதி வேலை

இங்கேதான் நேரம் செலவாக வேண்டும். நான் அவசரப்பட்டு முதல் ஷீட்டை வீணாக்கியதும் இங்கேதான். ஸ்பேனர்களை அளவு வாரியாக வரிசையாக அடுக்கி, போட்டோவில் பார்த்த மாதிரியே வெட்டி முடித்தேன். அடுத்த வாரம் சாக்கெட் செட் (நட்டின்மேல் கவிழ்த்துத் திருகுகிற குப்பிகள்) வாங்கினேன். வைக்க இடமில்லை.

முதலில் எது உள்ளே வர வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். எல்லாக் கருவிக்கும் குழி வெட்டத் தேவையில்லை. அடிக்கடி எடுக்கிறவற்றுக்கு மட்டும் போதும். நுணுக்கமாக அளக்கிற வெர்னியர் அதன் சொந்தப் பெட்டியிலேயே இருக்கட்டும். கிரீஸ் டப்பா, இன்சுலேஷன் டேப், உதிரி நட்டு போல்ட்டுகளுக்குப் படுக்கை எதற்கு?

மாதக் காலண்டரின் பழைய தாள்கள் இருக்குமே, பின்பக்கம் வெள்ளையாக. அதை டிராயர் அளவுக்கு வெட்டி மேசைமேல் விரித்து, அதன்மேல் கருவிகளைப் பரப்புங்கள். ஸ்பேனர் செட் என்றால் 6-7, 8-9, 10-11, 12-13 என்று 20-22 வரை எட்டு உருப்படி வரும். தலையும் வாலும் மாற்றி மாற்றி வைத்தால் இடம் மிச்சமாகும். ஆனால் நான் எல்லாத் தலையையும் ஒரே பக்கம்தான் வைத்திருக்கிறேன். கை கிரீஸாக இருக்கும்போது அளவைப் படித்துக்கொண்டிருக்க முடியாது, வரிசையை வைத்தே எடுக்கிறேன். இரண்டு குழிகளுக்கு நடுவில் 12 மி.மீ. சுவராவது விடுங்கள். 5, 6 மி.மீ. விட்டால் பிளையரை இழுக்கும்போது சுவரும் சேர்ந்து வரும்.

அதிகம் எடுக்கிற கருவிகள் முன்பக்கம். டிராயரை முழுக்க இழுக்காமலே கைக்கு வர வேண்டும். 10-11, 12-13, கட்டிங் பிளையர், பெரிய திருப்புளி நான்கும் எனக்கு முன்வரிசை. நாலில் ஒரு பங்கு இடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள், டூல்ஸ் வாங்கும் ஆசை யாரையும் விட்டதில்லை.

அடுக்கி முடித்ததும் வெட்டாதீர்கள். காலண்டர் தாளோடு அப்படியே டிராயரில் வைத்து ஒரு வாரம் அதிலிருந்தே எடுத்து வேலை செய்யுங்கள். எது எங்கே இருந்தால் தோது என்று கை சொல்லும். மாற்றி வைத்து, கடைசி நிலையை மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கோடு போடுவது

கறுப்பு ஷீட்டில் சாதாரணப் பேனா தெரியாது. வெள்ளை ஜெல் பேனா நல்லது, தையல்காரர் சாக்குக் கட்டியைச் சீவியும் போடலாம். பேனா நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்தால் ஒரு பக்கம் 2 மி.மீ. கூடிப்போகும். ஒரு கையால் கருவியை நன்றாக அழுத்திக்கொண்டு சுற்றி வாருங்கள். பின்பக்கத்தில் கோடு போட்டுவிட்டு முன்பக்கமாகத் திருப்பி ஒட்டினால் எல்லாம் இடவலம் மாறிவிடும். சிரிக்காதீர்கள், பிளையர் ஒன்றுக்கு அப்படித்தான் ஆயிற்று.

வளைவுகள் அதிகமுள்ள கருவிக்கு வேறொரு வழி உண்டு. ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். அளவு நூறு சதவீதத்தில் இருக்க வேண்டும், கண்ணாடி கீறாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் ஷீட் போட்டு அதன்மேல் கருவியை வைக்க வேண்டும். ஜெராக்ஸ் கடை அண்ணன் ரேச்சட்டையும் (சாக்கெட்டை மாட்டித் திருகும் கைப்பிடி) என்னையும் மாறி மாறிப் பார்த்தார், ஆனாலும் எடுத்துக் கொடுத்தார். எடுத்த பிரதிமேல் கருவியை வைத்து ஒருமுறை சரிபாருங்கள், அப்புறம் உருவத்தைக் கத்தரித்து ஃபோமின்மேல் வைத்துக் கோடு போடுங்கள்.

விரல் போக வழி வேண்டும். ஸ்பேனர் 10 மி.மீ. குழிக்குள் முழுசாக மூழ்கிவிடும், நகத்தை விட்டு நோண்டிக்கொண்டிருக்க வேண்டி வரும். தண்டின் நடுவில் இரண்டு பக்கமும் 25 மி.மீ. வட்டம் ஒவ்வொன்று வரையுங்கள். ஸ்பேனர்கள் வரிசையாக இருந்தால் எல்லாத் தண்டுகளையும் குறுக்கே வெட்டுகிற மாதிரி ஒரே நீளப் பள்ளம் போதும். வேலையும் குறைவு.

வெட்டும் நேரம்

கட்டர் பிளேடு புதிதாக இருக்க வேண்டும். நுனி மழுங்கினால் ஃபோம் வெட்டுப்படாமல் பிய்யும், ஓரம் எலி கடித்த மாதிரி ஆகிவிடும். மூன்று நாலு குழிக்கு ஒருமுறை பிளேடின் நுனித் துண்டை உடைத்துவிடுங்கள். அப்படி உடைக்கும் பிளேடு 1956-ல் ஜப்பானில் யோஷியோ ஒகாடா கண்டுபிடித்தது. கட்டம் கட்டமாக உடைக்கிற சாக்லேட் பட்டையும், உடைந்த கண்ணாடி ஓரத்தின் கூர்மையும்தான் அவருக்கு அந்த யோசனையைத் தந்தன என்பார்கள். அவர் உடைப்பதற்கென்றே செய்து கொடுத்ததை நாம் கஞ்சத்தனமாக ஒரே நுனியில் மாதக்கணக்கில் ஓட்டுகிறோம். வளைவுகளுக்கு 9 மி.மீ. அகல பிளேடு, நேர்கோட்டுக்கு 18 மி.மீ. பிளேடும் ஸ்டீல் ஸ்கேலும்.

அடியில் ஒரு பிளைவுட் துண்டு போட்டுக்கொள்ளுங்கள். முதல் ஓட்டத்தில் கோட்டின் உள்விளிம்பில் லேசாகக் கீறுங்கள், 2 மி.மீ. ஆழம் இறங்கினால் போதும். அந்தக் கீறலே அடுத்த ஓட்டத்துக்குத் தடம். மூன்றாவது, நாலாவது ஓட்டத்தில் அடிவரை போய்விடும். ஒரே அழுத்தில் வெட்டப் பார்த்தால் பிளேடு உள்ளே வளைந்து, மேலே சரியாகவும் கீழே கோணலாகவும் வரும். வளைவில் கையைத் திருப்பாதீர்கள், ஷீட்டைத் திருப்புங்கள். பிடிக்கிற கை எப்போதும் பிளேடுக்குப் பின்னால் இருக்க வேண்டும். இது ஒன்றில் மட்டும் விளையாட்டு வேண்டாம்.

கோட்டின் உள்விளிம்பில் வெட்டச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஃபோம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். குழி ஒரு மயிரிழை சிறிதாக இருந்தால் கருவியை இறுக்கிப் பிடிக்கும். பெரிதாக வெட்டிவிட்டால் டிராயரை இழுக்கும் ஒவ்வொரு முறையும் கருவி ஆடும்.

வட்டங்களைக் கட்டரால் வெட்டி மெனக்கெட வேண்டாம். 25 மி.மீ. இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றை எடுத்து, ஒரு முனையை உள்பக்கமாக வட்ட அரத்தால் தேய்த்துக் கூராக்குங்கள். ஃபோமின்மேல் வைத்து அழுத்தித் திருகினால் இடியாப்ப உரலில் இருந்து வருவது போல உருண்டை வெளியே வரும். வெளிப்பக்கம் தேய்க்கக் கூடாது, ஓட்டையின் சுவர் சரிவாகிவிடும். சாக்கெட்டுகளுக்கும் இதே வழி, அளவுக்குத் தக்க குழாய் கிடைத்தால்.

பிளையர், சுத்தியல் மாதிரி தடித்த கருவிகளுக்கு 10 மி.மீ. போதாது. இரண்டு ஷீட்டை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, மேல் ஷீட்டை வெட்டியதும் அதையே அச்சாக வைத்துக் கீழ் ஷீட்டில் கோடு போடுங்கள். கருவியின் பருமனில் பாதிக்குக் கொஞ்சம் மேல் மூழ்கினால் சரி.

ஒட்டுவது

ஒட்டும் முன் எல்லாக் கருவியையும் குழியில் வைத்து எடுத்துப் பாருங்கள். திருத்துவதற்கு இதுதான் கடைசி வாய்ப்பு. ரெக்சின், ஃபோம் ஒட்டுகிற ரப்பர் பசை, ஃபெவிகால் எஸ்ஆர் 998 மாதிரி, இதற்கு நன்றாகப் பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அருகில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது. இரண்டு பரப்பிலும் மெல்லிசாகத் தடவி, விரலால் தொட்டால் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருங்கள். அப்புறம் வைத்தால் வைத்ததுதான், நகர்த்த முடியாது. அதனால் நடுவில் ஒரு செய்தித்தாளை விரித்து, மேல் ஷீட்டை ஓரம் பார்த்துப் பொருத்தி, தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டே அழுத்தி வாருங்கள். டிராயரோடு ஒட்ட வேண்டாம். கழுவ வேண்டி வந்தால் அப்படியே தூக்கிவிடலாம். சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் போட்டால் சுருங்கும். பெட்ரோல், தின்னர் ஊற்றித் துடைக்கவே கூடாது, ஷீட் ஊதிப்போகும்.

கடலோர ஊர்க்காரர்களுக்கு ஒன்று. ஃபோம் தண்ணீரைக் குடிக்காதுதான், ஆனால் கருவியில் ஒட்டிய ஈரத்தை இறுகப் பிடித்து வைத்துக்கொள்ளும். குழியில் வைக்கும் முன் துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒரு தடவு தடவுங்கள். இல்லையென்றால் அடிப்பக்கம் துரு ஏறும், மேலே பளபளவென்று இருக்கும்.

வெட்டியெடுத்த துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். கருவியை இடம் மாற்றினால் அதே துண்டைக் குழியில் திரும்பச் சொருகிவிடலாம். காலிக் குழிக்கு இன்னொரு உபயோகத்தையும் போன மாதம்தான் கண்டுபிடித்தேன். யாராவது இரவல் வாங்கினால், ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காலிக் குழியில் போட்டுவிடுகிறேன். இப்போது 12-13 படுத்திருந்த இடத்தில், மஞ்சளின்மேல் ஒரு பஸ் டிக்கெட் கிடக்கிறது: 'எதிர்வீட்டு மாமா, ஞாயிறு'.